கூம்பின் வலப்பக்கம்

தமிழகத்தின் மக்கள்தொகைக் கூம்பைக் கரும்பலகையில் வரைந்தேன். இடப்புறம் ஆண்கள், வலப்புறம் பெண்கள். அடியில் குழந்தைகள், உச்சியில் முதியோர். "அடி அகன்றால் பிறப்பு மிகுதி, குறுகினால் பிறப்புக் குறைவு" என்று பாடநூல் கூறுவதைக் கூறினேன். மாணவி ஒருத்தி எழுந்தாள்: "அடியில் வலப்பக்கம் மட்டும் ஏன் சார் குட்டையாக இருக்கிறது?"

தேர்வுத்தாள் கேட்காத கேள்வி! ஆனால், நாடு விடை கூறியே தீரவேண்டிய கேள்வி!

இயற்கையிலேயே சிறு வேறுபாடு உண்டு. 100 பெண் குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதாவது ஆயிரம் ஆணுக்குச் சுமார் 952 பெண். அந்த அளவுக்குக் குறைந்தால் அது இயற்கை. அதற்கும் கீழே வெகுவாகச் சரிந்தால், அது மனிதனின் கைவரிசை! 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில், ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு 849 பெண்களே இருந்தனர். மீதி நூறு பேர் எங்கே?

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்தில் நடந்த பெண்சிசுக் கொலையை 1986இல் 'இந்தியா டுடே' ஏடு வெளிப்படுத்தியது. நாடு திடுக்கிட்டது. பிறகு? ஓர் ஊரின்மீதும் ஒரு சாதியின்மீதும் பழியைச் சுமத்திவிட்டுக் கைகழுவியது! கள்ளிப்பால் உசிலம்பட்டிக்கு மட்டுமா சொந்தம்? சேலத்துக் கணக்கு அந்தப் பொய்யைப் பொடியாக்கவில்லையா? கருவிலேயே பாலறிந்து அழிப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் தேவைப்பட்டதே, அந்தக் கருவியைக் கையாண்டவர்கள் படிக்காத பாமரர்களா?

சித்திரைதோறும் மீனாட்சிக்கு முடிசூட்டி மகிழ்கிறது மதுரை. சிலைக்கு மணிமுடி; சிசுவுக்குக் கள்ளிப்பால்! கொள்ளிவைக்க மகன் வேண்டும் என்னும் மூடநம்பிக்கையும், மகளைக் கடனாக்கும் வரதட்சணையும் சேர்ந்து சுரந்த நஞ்சன்றோ அது?

1989இல் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சமபங்கு தந்தது தமிழகச் சட்டம். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 2011இல் தமிழகத்தின் கணக்கு 943. இயற்கையை நெருங்கியிருக்கிறோம், இன்னும் எட்டவில்லை. தொட்டில் குழந்தையை ஏற்கும், வரதட்சணையை ஒழிக்காது. அது நம் வேலை!

தோழர்களே! உங்கள் மாவட்டத்தின் கணக்கை எடுங்கள், கூம்பை வரையுங்கள், இருபுறமும் அளவுகோலை வைத்துப் பாருங்கள். வலப்பக்கம் இயற்கையின் அளவை எட்டாத இடத்தில், வரதட்சணை கேட்கும் ஒவ்வொரு திருமணப் பந்தலையும் விட்டு வெளியேறுங்கள்!

அந்த மாணவிக்கு இதைத்தான் கூறினேன். அவள் வரைபடத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். வலப்பக்கத்துக்கு மட்டும் வண்ணம் தீட்டினாள்.