ஷேர் ஆட்டோ ஹார்ட் டிஸ்க்!

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் வாசல்ல நிக்கிற ஷேர் ஆட்டோ அண்ணன்கிட்ட 'இடம் இருக்கா?'ன்னு கேட்டுப் பாருங்க. இல்லைன்னு சொல்ற ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. "ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம், ஏறு தம்பி!" அவ்வளவுதான். அந்த ரெண்டு பேர் ஒல்லிப்பிச்சான் ஸ்கூல் பசங்கன்னா அண்ணன் சொன்னது நிஜம். வெங்காய மூட்டையோட ஒரு அண்ணாச்சின்னா... உங்க ஒரு கால் ரோட்டுலதான்!

1990-களில் கம்ப்யூட்டருக்குள்ளேயே இப்படி ஒரு அண்ணன் இருந்தார். பேரு டபுள்ஸ்பேஸ். பிறகு டிரைவ்ஸ்பேஸ்னு பேர் மாறிச்சு. ஏன் மாறிச்சுங்கறது ஒரு கோர்ட்டு கதை, அப்புறம் வர்றேன்.

1992-ல் விண்டோஸ் 3.1 வந்தபோது நிறைய மெஷின்களில் ஹார்ட் டிஸ்க் 40 எம்.பி., 80 எம்.பி.தான். ஜி.பி. இல்லை பாஸ், எம்.பி.! உங்க கிளாஸ் குரூப்ல வர்ற ஒரு வீடியோவுக்கே பத்தாது. விண்டோஸ் மட்டுமே சுமார் 10 எம்.பி. விழுங்கும். அதுக்கு மேல வேர்டு, எக்ஸெல். புது டிஸ்க் வாங்கலாம்னா யானை விலை. இந்த நேரத்துலதான் அமெரிக்காவின் ஸ்டாக் எலக்ட்ரானிக்ஸ் 1990-ல் கொண்டுவந்த 'ஸ்டாக்கர்' சாஃப்ட்வேர் சக்கைப்போடு போட்டது. டிஸ்க்கைத் தொடாமலே இடத்தை ரெண்டு மடங்காக்கித் தர்றேன்னு சொன்னா யார்தான் வேண்டாம்பாங்க? 1993-ல் மைக்ரோசாஃப்ட் அதே வேலையை எம்.எஸ். டாஸ் 6.0-க்குள்ள 'டபுள்ஸ்பேஸ்'னு வெச்சு கூடவே கொடுத்துடுச்சு.

மந்திரம் ஒண்ணும் இல்லை. 1977-ல் ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் என்ற இரண்டு இஸ்ரேல்காரர்கள் எழுதிய கணக்குதான் அடிப்படை. "ஆவடி ஆவடி ஆவடி பூந்தமல்லி ஆவடி"ன்னு கத்தறதை அப்படியே எழுதாம, முதல் ஆவடியை மட்டும் எழுதிட்டு, அடுத்ததுக்கு 'இத்தனை எழுத்து பின்னாடி போய், இத்தனை எழுத்து எடுத்துக்கோ'ன்னு குறிப்பு மட்டும் வைக்கறது. திரும்பத் திரும்ப வர்ற விஷயம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு சுருங்கும்.

விவகாரம் எங்கே இருக்குன்னா, காலி இடம் எவ்வளவுன்னு காட்டுற நம்பர்ல. நிஜத்துல 20 எம்.பி. மிச்சம்னா, 'பாதியா சுருங்கும்'னு இவரே ஒரு கணக்குப் போட்டு, 40 எம்.பி. காலின்னு காட்டுவார். அது அளந்து சொன்னதில்லை, குத்துமதிப்பு. டெக்ஸ்ட், பி.எம்.பி. படம்னா பாதிக்கும் கீழே சுருங்கும். ஏற்கெனவே சுருக்கி வெச்ச ஜிப் ஃபைலைக் காப்பி பண்ணினா ஒரு துளியும் குறையாது. 40 காட்டினதேன்னு நம்பி 25 எம்.பி. ஜிப்பைப் போட்டா, 'டிஸ்க் ஃபுல்'! வெங்காய மூட்டை!

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். நீங்க பார்க்கிற சி டிரைவ் நிஜத்துல ஒரு டிரைவே இல்லை. மொத்தமும் ஒரே ஒரு மறைச்சு வெச்ச ஃபைல். பேரு 'டிபிஎல்ஸ்பேஸ்.000' இல்லேன்னா 'டிஆர்விஸ்பேஸ்.000'. அசல் டிஸ்க் ஹெச்-னு வேற எழுத்துல ஓரமா உக்காந்திருக்கும். விண்டோஸ் 3.1-க்கு நிரந்தர ஸ்வாப் ஃபைல் வேணும்னா அதை இந்தச் சுருக்கின டிரைவ்ல வைக்கவே முடியாது, ஹெச்-லதான் வைக்கணும். ஆக, உங்க மொத்த வாழ்க்கையும் ஒரே ஃபைலுக்குள்ள. அது போச்சுன்னா எல்லாமே போச்சு.

இதெல்லாம் பழைய கதைதானேன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. போன செமஸ்டர் லீவுல அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன சி.என்.சி. ஒர்க் ஷாப்புக்குப் போயிருந்தேன். கிளாஸ்மேட்டோட அப்பா நடத்தறது. அங்கே 90-களில் வாங்கின விண்டோஸ் 3.1 பெட்டி ஒண்ணு, எஸ்.எம்.பி.எஸ். புகைஞ்சு செத்துப் போச்சு. அதுக்குள்ள இருபது வருஷத்து லேத் புரோகிராம்கள். பேப்பர் டிராயிங் பாதி செல்லரிச்சாச்சு. பழைய கஸ்டமர் ஒருத்தர் அதே புஷ் இன்னும் 50 பீஸ் வேணும்னு கேட்டுக்கிட்டிருக்கார். டிஸ்க்கை வெளியே எடுத்து லேப்டாப்ல மாட்டிப் பார்த்த சர்வீஸ்காரர், "உள்ளே ஒண்ணுமே இல்ல சார். ஏதோ ஒரு ஜங்க் ஃபைல் மட்டும் 150 எம்.பி. இருக்கு. ஃபார்மட் போட்டுக் குடுத்துடவா?"ன்னார்.

அவர் மேல தப்பு சொல்ல முடியாது. இன்னிக்கு விண்டோஸுக்கு அந்த ஃபைலைத் திறக்கவே தெரியாது. அந்த 'ஜங்க்'தான் மொத்த ஒர்க் ஷாப்!

செய்தது இதுதான். முதல்ல ஐ.டி.இ. டு யு.எஸ்.பி. கேபிள் போட்டு, லினக்ஸ்ல 'டிடி' கமாண்ட் கொடுத்து டிஸ்க்கை முழுசா ஒரு இமேஜ் எடுத்தோம். அதோட அசல் டிஸ்க் பீரோவுக்குள்ள போயிடுச்சு. அப்புறம் '86பாக்ஸ்' எமுலேட்டரில் ஒரு 486 மெஷினை உண்டாக்கி, டிஸ்க் லேபிளில் அச்சடிச்சிருந்த சிலிண்டர், ஹெட், செக்டர் நம்பர்களை அப்படியே கொடுத்து, அந்த இமேஜையே பூட் பண்ணினோம். உள்ளே இருந்த டாஸே தன் டபுள்ஸ்பேஸை எழுப்பி, சி டிரைவை விரிச்சுக் காட்டிச்சு. பக்கத்துல சுருக்காத இன்னொரு டிஸ்க் இமேஜை மாட்டி எல்லாத்தையும் அதுல காப்பி பண்ணிட்டோம். மூணு ஃபைல் மட்டும் திறக்கலை. டிஸ்க்குல அந்த இடம் கெட்டுப் போயிருந்தது. புஷ் ஃபைல் அந்த மூணுல இல்லை. அங்கிள் ஒண்ணும் பேசலை, பையனை அனுப்பி எங்களுக்கு பஜ்ஜி வாங்கிட்டு வரச் சொன்னார்.

சரி, கோர்ட்டு கதை. எங்க பேட்டன்ட்டைத் திருடிட்டாங்கன்னு 1993-ல் ஸ்டாக் வழக்குப் போட்டது. 1994 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி, மைக்ரோசாஃப்ட் 12 கோடி டாலர் தரணும்னு சொல்லிடுச்சு. (ஸ்டாக்கும் எங்க ரகசியத்தை எடுத்துக்கிச்சுன்னு மைக்ரோசாஃப்ட் போட்ட எதிர் வழக்கில் அதுக்கு 1.36 கோடி டாலர் கிடைச்சது. யாருமே பச்சைப்பிள்ளை இல்லை!) உடனே கம்ப்ரஷனே இல்லாத டாஸ் 6.21. அப்புறம் வேற முறையில் எழுதின டிரைவ்ஸ்பேஸோட 6.22. அந்த ஜூனிலேயே ரெண்டு பேரும் சமரசம்.

அதுக்குள்ள டபுள்ஸ்பேஸ் பேரும் கெட்டிருந்தது. 6.0-ல் ஃபைல் கெட்டுப் போச்சுன்னு புகார் மேல புகார். எழுத வேண்டியதை மெமரியில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிற 'ஸ்மார்ட்டிரைவ்' கூடவே ஓடும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனா? நம்ம ஊர் கரண்ட்டைப் பத்தி நான் சொல்லணுமா! 1993 கடைசியில் வந்த 6.2-ல்தான் ஸ்கேன்டிஸ்க்கும், டபுள்ஸ்பேஸை 'வேண்டாம்'னு கழட்டுற வசதியும் வந்தது.

டிஸ்க் விலை சரிஞ்சதால இது செத்துப் போச்சுன்னு சொல்வாங்க. அது பாதிதான். அப்போ டிஸ்க்குல இருந்தது லெட்டர், கணக்கு, புரோகிராம். எல்லாம் நல்லா சுருங்கும். இன்னிக்கு உங்க போனை அடைச்சிருக்கிறது ஜேபெக் போட்டோவும் எம்.பி.4 வீடியோவும். பிறக்கும்போதே பிழிஞ்சு காயப்போட்டதுங்க. இன்னொரு தடவை பிழிஞ்சா என்ன வரும்?

ஆனா ஐடியா சாகலை. டிஸ்க்கை விட்டுட்டு மெமரிக்குப் போயிடுச்சு. நிதின் குப்தா எழுதின 'இசட்ரேம்' 2014-ல் லினக்ஸ் கெர்னலில் முறையா சேர்ந்தது. சும்மா கிடக்கிற ஆப்போட மெமரியைச் சுருக்கி ரேமுக்குள்ளேயே வைக்கும். ரேம் கம்மியான ஆண்ட்ராய்டு போன்கள் தள்ளாடாம ஓடறதுக்கு இதுவும் ஒரு காரணம். நல்ல விஷயம்.

நல்லா இல்லாதது கடையில ஒட்டியிருக்கிற போர்டு. '16 ஜி.பி. ரேம்'னு பெருசா போட்டு, கீழே பொடி எழுத்துல '8 + 8'. ரெண்டாவது 8 ரேமே இல்லை, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கினது. ரேமோட வேகம் அதுக்கு வரவே வராது. போன் எடுக்கப் போறவங்க கூட்டல் குறிக்கு முன்னாடி இருக்கிற நம்பருக்கு மட்டும் காசு கொடுங்க.