குடும்பத்துக்கும் சம்பள வரம்பா?

தாராவியிலும் செம்பூரிலும் நம் சங்கத்தை நாடி வரும் தாய்மார்கள் கேட்பது ஒன்றுதான்: "துபாயில் இருக்கும் அவரோடு நாங்கள் எப்போது சேர்வது?"

சட்டம் தரும் பதில் இது. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு மனைவி மக்களை அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம் வேண்டும். குடியிருக்க வீடும் கொடுத்தால் 3,000 போதும். திருமணச் சான்றிதழில் மாநில அரசு, மத்திய வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை பெற வேண்டும். சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியலோடு வாழும் தமிழர்கள் இதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.

"சம்பளம் போதாதா? மனைவி விசிட் விசாவில் வரட்டும், வேலை வாங்கித் தருகிறோம்" என்கிறார்கள் ஏஜெண்டுகள். நம்பாதீர்கள்! விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். பிடிபட்டால் தண்டனை உங்களுக்கு, கமிஷன் அவர்களுக்கு.

வானளாவும் கட்டடங்களை எழுப்பும் கைகளுக்குக் குடும்பத்தோடு வாழும் உரிமை கிடையாதா? வளைகுடா அரசுகளோடு எண்ணெயும் முதலீடும் பேசுகிற இந்திய அரசு, இதையும் பேசியாக வேண்டும்.

மனு எழுத நாம் துணை நிற்போம். உரிமை கேட்க, தாய்மார்களே, நீங்களும் அணி திரளுங்கள்!