ஜின் சந்தும் அடகுக் கடையும்

பழைய இங்கிலாந்தின் கேலிச் சித்திரங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், கனவான்கள் முதலில் எடுத்துக் காட்டுவது வில்லியம் ஹோகார்த் 1751ல் லண்டனில் வெளியிட்ட 'ஜின் சந்து' என்ற படத்தைத்தான். "பாருங்கள், ஏழைகள் குடித்தே எப்படிக் கெட்டார்கள்!" என்று பிரசங்கம் செய்கிறார்கள். நாம் அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்கச் சொல்கிறோம்.

இடம், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த செயின்ட் கைல்ஸ் பகுதி. படிக்கட்டிலே போதையில் ஒரு தாய், மூக்குப்பொடி எடுக்கிறாள், கை நழுவிக் குழந்தை தலைகீழாக விழுகிறது. பிரசங்கிகள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். கொஞ்சம் இடப்பக்கம் திரும்புங்கள், ஐயா! ஒரு தச்சன் தன் ரம்பத்தை அடகு வைக்கிறான். ஒரு குடும்பப் பெண் சமையல் பாத்திரங்களைக் கொண்டு வந்திருக்கிறாள். ரம்பம் போன தச்சன் நாளைக்கு எதைக் கொண்டு பிழைப்பான்? அடகுக்காரன், சாராயம் வடிப்பவன், சவப்பெட்டிக்காரன் - இவர்களுக்குத்தான் அந்தச் சந்தில் நல்ல காலம். தொலைவிலே மாதாகோயில் கோபுரத்தின் உச்சியில் முதலாம் ஜார்ஜ் மன்னரின் சிலை. அவ்வளவு உயரத்திலிருந்து கீழே நடப்பது தெரியாது போலும்!

ஜின் எங்கிருந்து இப்படிப் பெருகியது? பிரெஞ்சு பிராந்தியைத் தடுத்துவிட்டு, 1690ல் பாராளுமன்றமே உள்நாட்டுத் தானியத்தில் சாராயம் வடிப்பதை ஊக்குவித்துச் சட்டம் செய்தது. அங்கே வீற்றிருந்தவர்கள் நிலப்பிரபுக்கள். மிஞ்சிய தானியத்திற்கு அவர்களுக்கு விலை வேண்டும். கஜானாவுக்கு வரி வேண்டும். அறுபது வருஷம் கழித்து, அதே சபைக்கு ஏழையின் ஒழுக்கத்தைப் பற்றிக் கவலை வந்து, 1751ல் ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. 1757ல் விளைச்சல் குன்றி ரொட்டிக்கே கஷ்டம் வந்தபோது, தானியத்தில் சாராயம் வடிப்பதையே நிறுத்தி வைத்தார்கள். மனம் வைத்தால் நிறுத்த முடிந்தது!

ஹோகார்த்தை எஜமானர்களின் அடிவருடி என்று நாம் சொல்லமாட்டோம். கீழ்த்தட்டு மக்களைத் திருத்துவதற்காகவே மலிவாக அச்சிட்டதாக அவர் விளம்பரம் செய்தார். அந்த மலிவு விலை ஒரு ஷில்லிங்! கூலிக்காரன் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

இதற்கு ஜோடியாக அவர் வரைந்தது 'பீர் தெரு'. அங்கே உழைப்பாளிகள் கொழுகொழுவென்று இருக்கிறார்கள். பீர் குடித்ததால் செழித்தார்கள் என்பது ஹோகார்த்தின் கட்சி. வேலையும் கூலியும் இறைச்சியும் கிடைத்தவன் பீர் குடிக்கிறான் என்பது நமது கட்சி. அந்தத் தெருவில் இடிந்து கிடப்பது அடகுக் கடை ஒன்றுதான். கடன் கொடுத்தவர்களுக்குப் பயந்து கதவைத் திறக்காமல், சின்னத் துவாரத்தின் வழியாக ஒரு குவளை பீர் வாங்கிக்கொள்கிறான் கடைக்காரன்.