சோதனையை அணைத்துவிடாதீர்கள்

ஜொகூரில் கூலாய், செடெனாக் பக்கம் தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அங்கே ஓடும் மென்பொருளை நாளை எழுதப்போவது நீங்களோ உங்கள் பிள்ளையோ ஆகலாம்.

சர்வரோடு இணையும்போது "சான்றிதழ் பிழை" வரும். பைத்தானில் 'வெரிஃபை = ஃபால்ஸ்' என்று போட்டால் பிழை மறைந்துவிடும். குறியாக்கம் அப்படியேதான் இருக்கும். ஆனால் எதிரில் இருப்பது யார் என்பது தெரியாது. திருடனோடும் கதவைப் பூட்டிக்கொண்டு இரகசியம் பேசலாமே!

2011 நவம்பரை நினைத்துப் பாருங்கள். மலேசியாவின் டிஜிசெர்ட் சென்டிரியான் பெர்ஹாட் (அதே பெயருள்ள அமெரிக்க நிறுவனம் வேறு) வழங்கிய 22 சான்றிதழ்களில் சாவியின் நீளம் வெறும் 512 பிட். அந்த அளவுச் சாவியை 1999-லேயே ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டியிருந்தார்கள். மோசில்லாவும் மைக்ரோசாப்டும் அந்த நிறுவனத்தின் மீதான நம்பிக்கையை விலக்கிக்கொண்டன. அதே மாதம், வேளாண் ஆய்வுக் கழகமான மார்டியிடமிருந்து திருடப்பட்ட சான்றிதழால் கையொப்பமிட்ட தீநிரலை எஃப்-செக்யூர் அம்பலப்படுத்தியது. அரசாங்க முத்திரையோடு வந்த வைரஸ்!

"சான்றிதழே இந்த இலட்சணம் என்றால் சோதித்து என்ன பயன்?" என்பீர்கள். விலக்கப்பட்ட சான்றிதழைத் தடுப்பது சோதிக்கும் மென்பொருள் மட்டுமே. அதுவும் நம்பகப் பட்டியலைப் புதுப்பித்திருந்தால்தான்.

அலுவலகத்தின் உள் சர்வர்தான் பிழை காட்டுகிறதா? அதன் மூலச் சான்றிதழ்க் கோப்பை வாங்கி, 'ஃபால்ஸ்' இருக்கும் இடத்தில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. காலாவதி என்றால் புதுப்பிக்கச் சொல்லுங்கள். பெயர் பொருந்தவில்லை என்றால் மட்டும் அங்கேயே நில்லுங்கள். நீங்கள் வேறு யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டிருக்கலாம்.