நூறில் போகிறவருக்கு 210 எதற்கா?

சென்ற இதழில் டயர் பற்றி எழுதியவரின் வாதம் இதுதான்: நம் சாலைகளில் நூறைத் தாண்டுவதே அபூர்வம்; ஆகவே டயரின் பக்கவாட்டிலுள்ள எஸ், டி, எச் எழுத்துகள் வெறும் விற்பனைத் தந்திரம்; இருப்பதிலேயே விலை குறைந்ததை வாங்கிப் போடுங்கள். இதை நம்பிக் குடும்பத்தோடு கிளம்புகிறவரை நினைத்தால் பதறுகிறது.

எஸ் மணிக்கு 180 கிலோமீட்டர், டி 190, எச் 210 என்ற அட்டவணையைச் சரியாகத்தான் எடுத்துப் போட்டிருக்கிறார். அந்த எண்கள் எப்படி வந்தன என்று மட்டும் விசாரிக்கவில்லை. ஐ.நா.வின் 30ஆம் எண் விதிமுறைப்படி, புத்தம் புது டயரை அதன் சுமைத் திறனில் 80 சதவீதம் மட்டும் ஏற்றி, வழவழப்பான உருளைமேல் படிப்படியாக வேகம் கூட்டி ஒரு மணி நேரம் ஓட்டுகிறார்கள். டி, எச் டயர்களில் காற்று சுமார் 40 பி.எஸ்.ஐ. அறையின் வெப்பம் 20 முதல் 30 டிகிரி.

அவருடைய வாசகர் ஓட்டப்போவது மே மாத உச்சிவெயிலில், திருச்சி–மதுரை சாலையில். ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், வயதான டயர், 33 இருக்க வேண்டிய இடத்தில் 24 காற்று. ஒவ்வொரு சுற்றிலும் டயர் நசுங்கி நிமிர்கிறது. அதில்தான் சூடு பிறக்கிறது. காற்று குறையக் குறைய நசுங்கல் கூடும், சூடு ஏறும், ரப்பருக்கும் எஃகுப் பட்டைக்கும் உள்ள பிடிப்பு தளரும். இந்தச் சூட்டை எவ்வளவு தாங்கும் என்பதற்குத்தான் அந்த எழுத்து. எச் டயர்களில் பெரும்பாலும் எஃகுப் பட்டைமேல் நைலான் அடுக்கு ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கும். அதற்கான விலையைத்தான் தந்திரம் என்கிறார்.

2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றதே, அது நினைவில்லையா? ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் ட்ரெட் உரிந்து, வண்டி உருண்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பந்தயம் ஓட்டியவர்களா? சாதாரண நெடுஞ்சாலை வேகத்தில் போனவர்கள். டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில்தான் விபத்துகள் குவிந்தன. டயரிலேயே குறை இருந்தது உண்மை. ஆனால் ஃபோர்டு பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. காற்றும் பெரிய சர்ச்சையானது. அதே ஆண்டு வந்த சட்டத்தால்தான் அங்கே புதுக் கார்களில் காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி கட்டாயமானது.

முன்னால் பழைய எச், பின்னால் மலிவான எஸ் என்று கலந்து போடவும் சொல்கிறார். இதைவிடப் பொறுப்பற்ற யோசனை கிடையாது. கலக்கவே கூடாது, வேறு வழியில்லாமல் கலந்தால், தாழ்ந்த எழுத்து முன்னால்தான் போக வேண்டும். வளைவில் பின்பக்கம் முதலில் பிடி விட்டால் சாதாரண ஓட்டுநரால் வண்டியைத் திருப்பிப் பிடிக்க முடியாது.

எந்த எழுத்து வேண்டும் என்று கார்க் கையேட்டில் இருக்கிறது. எவ்வளவு காற்று என்று ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கிறது. வண்டியை வடிவமைத்தவர்கள் சோதித்து எழுதியவை அவை. அதற்குக் கீழே இறங்கச் சொல்பவர், தான் எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறார் என்று காட்ட வேண்டும். அவர் கட்டுரையில் ஒன்றுகூட இல்லை.