வாரிசு என்றால் ஆண்பிள்ளை மட்டும்தானா?

இடைக்கால இங்கிலாந்தின் பிரபுக் குடும்பங்களில் நிலமும் பட்டமும் மூத்த மகனுக்கே. மகனே இல்லாவிட்டால்தான் மகள்களுக்கு. அப்போது அவர்களுக்குள் சமபங்கு. நிலம் சிதறாமல் இருக்க இது நல்ல ஏற்பாடுதானே என்று சிலர் கேட்கலாம். இருக்கட்டும். ஆனால் வம்சத்தைத் தாங்குவது ஆண்தான் என்ற நினைப்பை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

வில்லியம் மார்ஷலையே எடுத்துக்கொள்ளுங்கள். இளைய மகன் என்பதால் அப்பா சொத்தில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வீரப் போட்டிகளில் பெயரும் பணமும் சம்பாதித்தார். 1189-ல் மன்னர் முதலாம் ரிச்சர்ட், அரச பாதுகாப்பில் இருந்த இஸபெல் டி கிளேரை அவருக்கு மணமுடித்து வைத்தார். அவளோடு வேல்ஸ் எல்லையிலும் அயர்லாந்திலும் பரந்த நிலங்கள் வந்தன. மன்னர் கையில் அவள் ஒரு பரிசுப்பொருள், அவ்வளவுதான்.

அவர்களுக்கு ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள். 1219-ல் வில்லியம் இறந்தார். மகன்கள் ஐவரும் ஒருவர்பின் ஒருவராக வாரிசானார்கள். 1245 முடிவதற்குள் ஐவருமே முறையான பிள்ளை இல்லாமல் இறந்துபோனார்கள்! சொத்து ஐந்தாகப் பிரிந்து மகள்களின் வழிக்குப் போனது. அம்மா பெயரையே கொண்ட மகள் இஸபெலின் கொள்ளுப்பேரன்தான், 1306-ல் ஸ்காட்லாந்து மன்னரான ராபர்ட் புரூஸ்.

சொத்து வந்ததும் பெண்ணால், ரத்தம் நிலைத்ததும் பெண்களால். அப்புறம் எதற்கு 'மார்ஷல் வம்சம் அழிந்தது' என்று எழுதுகிறோம்? அழிந்தது பெயர் மட்டும்தான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?