நண்பர் வீட்டு ஐரோப்பா

விருந்தாளியை வடமொழியில் அதிதி என்பார்கள். திதி பார்க்காமல் வருபவர் என்று அதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஐரோப்பிய நண்பர்களைப் பார்க்கப் போகும் இந்தியருக்கு இந்தச் சொல் பொருந்தவே பொருந்தாது. திதி, கிழமை, ரயில் வந்து சேரும் நிமிடம் எல்லாம் குறித்துக் கொடுத்த பிறகுதான் நாம் விருந்தாளி. அதற்கும் முன்னால், நாம் நண்பர்தான் என்பதைக் காகிதத்தில் நிரூபித்தாக வேண்டும்.

2025 கோடையில் நான்கு வாரங்கள், நான்கு ஊர்கள்: லிஸ்பன், வியன்னா, லைப்ஸிக், பாரிஸ். எங்கும் ஓட்டல் கிடையாது. மொழிபெயர்ப்புத் தொழிலில் யாரும் பணம் சேர்த்ததாகத் தகவல் இல்லை; நண்பர்கள் சேர்வார்கள். அவர்கள் வீட்டு சோபாக்களை நம்பித்தான் பயணத் திட்டம்.

அதிக நாள் தங்குவது பாரிஸில் என்பதால் பிரெஞ்சு விசா. கட்டணம் 90 யூரோ. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் வழக்கம்போல. வினோதம் என்னவென்றால், நண்பர் வீட்டில் தங்குவதற்கான 'வரவேற்புச் சான்றிதழ்'. இதை வாங்க பாரிஸில் இருப்பவர் தன் வட்டார நகராட்சி அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். வீடு தன்னுடையதா வாடகையா, எத்தனை சதுர மீட்டர், வருமானம் எவ்வளவு, வருகிறவரை எத்தனை நாள் வைத்துக் காப்பாற்ற முடியும் என்பதற்கெல்லாம் ஆதாரம் காட்ட வேண்டும். தேவைப்பட்டால் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து பார்க்கவும் சட்டத்தில் இடமுண்டு. கட்டணம் 30 யூரோ. மனு நிராகரிக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காது. இதே நண்பர்கள் நம் ஊருக்கு வருவதென்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மின்விசா வாங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய சமையலறையை நாம் அளந்து கொடுக்கச் சொல்வதில்லை. சொன்னால்தான் என்ன என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

லிஸ்பனில் இறங்கியது ஜூன் 12ஆம் தேதி. அன்று இரவு புனித அந்தோணியார் திருவிழா. நாம் பதுவை அந்தோணியார் என்று சொல்லிப் பழகியவர்கள். லிஸ்பனில் அப்படிச் சொல்லக் கூடாது. அவர் பிறந்தது அங்கேதான், இத்தாலியர்கள் சொந்தம் கொண்டாடுகிறார்கள் என்று பிடித்துக்கொள்வார்கள். ஆல்ஃபாமா பகுதியின் சந்துகள் முழுக்க மத்தி மீன் சுடும் புகை. சுட்ட மீனை ஒரு ரொட்டித் துண்டின் மேல் வைத்துக் கொடுக்கிறார்கள். முள்ளெடுப்பது அவரவர் பாடு. சின்னத் தொட்டிகளில் ஒரு செடி விற்கிறார்கள். நம் திருநீற்றுப் பச்சிலையின் தங்கை மாதிரி இருக்கிறது. அதன் மேல் மூக்கை வைத்து முகரக் கூடாதாம். உள்ளங்கையால் இலைகளைத் தடவிக் கையை முகர வேண்டும். காதலர்கள் பரிசளித்துக்கொள்ளும் செடி. தோழி எனக்கு ஒன்று வாங்கித் தந்து, 'வேறு யாரும் கிடைக்கவில்லை' என்றாள்.

அவள் போர்ச்சுகீசியப் பெண், என்னைப் போலவே மொழிபெயர்ப்பாளர். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது, 'ஷாவ்' என்று ஒன்றைக் கையில் கொடுத்தாள். சாவி! நான் தமிழ்ச் சொல்லைச் சொன்னதும் அவள் வேலையை மறந்துவிட்டாள். வீட்டைச் சுற்றி வந்தோம். ஜன்னலைக் காட்டி 'ஜனேலா' என்றாள். மேசை, 'மேஸா'. அலமாரி, 'அர்மாரியோ'. குளியலறைத் துவாலை, 'துவாலியா'. காபிக் கோப்பைக்குக் 'கோப்பு' என்ற குவளை உறவுமுறை. தமிழில் முதுகலை படித்தபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பட்டியல் இது. ஒரு வீட்டின் சாமான்களாக அதைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. 'எங்கள் வீட்டையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள்' என்றாள். 'நீங்கள் மிளகை எடுத்துக்கொண்டீர்கள்' என்றேன். நாற்காலி மட்டும் எங்களுடையது என்று சொல்லவந்து நிறுத்திக்கொண்டேன். இலங்கைத் தமிழில் அதற்குக் கதிரை என்று பெயர், அதுவும் போர்ச்சுகீசிய 'கதெய்ரா'தான். 1554இல் தமிழ்ப் பிரார்த்தனைகளை ரோமன் எழுத்தில் அச்சிட்ட புத்தகம் வெளிவந்ததும் இதே லிஸ்பனில்தான். தமிழ் முதலில் அச்சேறியது இந்த ஊரில், தன் சொந்த எழுத்தில்லாமல்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் இன்னொன்றும் சொன்னாள். அடுத்த ஆண்டு இந்த வீட்டுக்கு இந்தச் சாவி இருக்குமா என்று தெரியாது. வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை. வாரக் கணக்கில் தங்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் அவருக்கு லாபம். என் மாதிரி வருகிறவர்களால்தான் அவளுக்கு வீடு போகிறது என்று நான் சொன்னதற்கு, 'நீ சோபாவில் படுப்பவள், கணக்கில் வரமாட்டாய்' என்றாள்.

வியன்னாவில் குறைவான நாட்கள். அங்கே இருக்கும் சேச்சி கேரளத்திலிருந்து நர்ஸாகப் போய் ஓய்வு பெற்றவர். அவரும் நானும் பேசுவது மலையாளமா தமிழா என்று இருவருக்குமே தெரியாது. நகராட்சி கட்டிய குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறார். வியன்னாவில் இது ஏழைகளின் அடையாளம் அல்ல. நகரவாசிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் நகராட்சியின் வீடுகளிலோ அதன் மானியத்தில் கட்டிய வீடுகளிலோதான் வாழ்கிறார்கள். அவர்களிடையே டாக்டர்களும் பேராசிரியர்களும் உண்டு. லிஸ்பன் கதையைச் சொன்னதும் சேச்சி உச்சுக்கொட்டினார். பிறகு, எனக்கு அவர் காட்டிய முதல் சுற்றுலாத் தலம் சமையலறைக் குழாய். 1873இல் திறந்த கால்வாய் வழியாக ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர் இந்த நகரத்துக்கு வருகிறது. மலையிலிருந்து தானாகவே சரிந்து இறங்குகிற தண்ணீர், பம்பு கிடையாது. ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்துவிட்டு, பாயசம் கொடுத்தவர் போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தில்லியில் டேங்கர் லாரிக்காக வரிசையில் குடம் வைத்தவர்களுக்குத்தான் அந்த டம்ளரின் அருமை தெரியும். அரண்மனைகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

லைப்ஸிக் தோழி என் வருகையைப் பதினொரு வாரங்களுக்கு முன்பே நாட்குறிப்பில் எழுதி வைத்துவிட்டாள். 'வெள்ளி மாலை நீ, சனிக்கிழமை நீ, ஞாயிறு மதியம் வரை நீ' என்று பென்சிலால் கட்டம் போட்டிருந்தாள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அந்தக் கட்டத்துக்குள் வேறு யாருக்கும், தொலைபேசிக்கும்கூட, இடமில்லை. நம் ஊரில் 'எப்ப வேணும்னாலும் வாங்க' என்று அழைத்துவிட்டு, போன பிறகு டி.வி.யில் ஒரு கண் வைத்துக்கொண்டு பேசுகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் கிடையாது. ஞாயிறு ஓய்வு அவர்களுடைய அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. அன்று சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலி கண்ணாடி பாட்டிலைத் தெருவோரத் தொட்டியில் போடக் கூடாது, சத்தம் கேட்கும். பிளாஸ்டிக் பாட்டிலாக இருந்தால் தூக்கி எறியவே கூடாது. கடை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்ப வரும். இரண்டு நாளில் நான் குடித்த தண்ணீர் பாட்டில்களுக்கு ஒரு யூரோ சேர்ந்தது. ஐரோப்பாவில் நான் சம்பாதித்த ஒரே தொகை.

ஒழுங்கைப் பற்றிய கேலியெல்லாம் அவள் என் பாஸ்போர்ட்டைக் கேட்கும்வரைதான். விசா ஒட்டிய பக்கத்தை நிதானமாகப் பார்த்தாள். அவள் பழைய கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவள். 1989 அக்டோபர் 9ஆம் தேதி லைப்ஸிக் தெருக்களில் எழுபதாயிரம் பேர் நடந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. சுடுவார்களா மாட்டார்களா என்று யாருக்கும் தெரியாத இரவு. அம்மா கதவைப் பூட்டியும் போயிருக்கிறாள். சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. எல்லை தாண்டி வந்த ஒவ்வொருவருக்கும் மேற்கு ஜெர்மனி 100 மார்க் வரவேற்புப் பணம் கொடுத்தது. அதில் ஷூ வாங்கினாளாம். 'நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்பது ஒரு காரணமாகவே அன்று எங்களுக்குச் செல்லாது. அத்தை செத்தால் போகலாம், அதுவும் அனுமதி கிடைத்தால்' என்றாள். பாஸ்போர்ட்டை மூடி மேசைமேல் வைத்தாள். அதன் பிறகு விசாவைப் பற்றி நான் புலம்பவில்லை.

பாரிஸ் அக்கா புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிறந்து, இருபது வயதில் கப்பலேறாமல் விமானமேறிப் போய், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது வயது 74. எனக்கு பிரெஞ்சு உச்சரிப்பைத் திருத்தியவர். இன்னும் திருத்துகிறார். எனக்காக நகராட்சிக்கு இரண்டு முறை போய் நின்றவர் இவர்தான். '28 சதுர மீட்டர்னு எழுதிக் கொடுத்தேன். ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு இவ்வளவுன்னு அந்தப் பொண்ணு கேக்கல, நல்ல வேளை' என்றார்.

ஆறாவது மாடி. லிஃப்ட் ஐந்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் கூரை. பாரிஸின் சாம்பல் நிறக் கூரைகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவை துத்தநாகத் தகடுகள். அவற்றை வேயும் கைவேலையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது. வெளியிலிருந்து பார்க்க அழகு. உள்ளே, ஜூலை முதல் தேதி, அது அடுப்பு. அன்று பாரிஸுக்கு வெப்ப அபாயச் சிவப்பு எச்சரிக்கை. ஈஃபில் கோபுரத்தின் உச்சியைக்கூட மூடிவிட்டார்கள். பெரும்பாலான வீடுகளைப் போல அக்கா வீட்டிலும் ஏ.சி. கிடையாது. பகலில் ஜன்னல் கதவுகளை இறுக மூடி, இருட்டில் உட்கார்ந்து, இரவு பத்தரைக்கு வெளிச்சம் போன பிறகு திறக்க வேண்டும். ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாங்கள் மோர் குடித்தோம். லா ஷப்பேல் பகுதி ஈழத்தமிழர் கடையில் வாங்கிய கறிவேப்பிலை போட்ட மோர். புதுச்சேரியின் மே மாதத்தை 74 வயதில் மறுபடி பார்ப்பேன் என்று நினைக்கவில்லை என்றார்.

மாலை நான்கு மணிக்குத் தொலைபேசி. மறுநாளும். நகராட்சியிலிருந்து ஒரு பெண் குரல்: தண்ணீர் குடித்தீர்களா, தலை சுற்றுகிறதா, துணைக்கு யாராவது இருக்கிறார்களா? 2003 ஆகஸ்ட் வெயிலில் பிரான்சில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், தனியாக வாழ்ந்தவர்கள் நிறையப் பேர். பிள்ளைகளும் டாக்டர்களும் விடுமுறையில் போயிருந்த மாதம் அது. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. தனித்திருக்கும் முதியோர், உடல் நலிந்தோர் விரும்பினால் நகராட்சியில் பெயர் பதியலாம். வெப்ப நாட்களில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அக்காவின் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். கடிதங்களில் எழுதியதில்லை. ஓபரா பார்த்தது, செவ்வந்தி பூத்தது எல்லாம் எழுதுவார்.

'நீ வருஷத்துக்கு ரெண்டு தடவை கூப்பிடற, அவ தினம் கூப்பிடறா' என்றார், சிரித்துக்கொண்டு. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஜூலை 5ஆம் தேதி, 1923இல் தடை செய்த சீன் நதிக் குளியலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மூன்று இடங்கள். இடுப்பில் மஞ்சள் மிதவை கட்டிக்கொண்டால்தான் இறங்க விடுகிறார்கள். வெயில் கொஞ்சம் தணிந்திருந்தது. கரையில் இருவரும் உட்கார்ந்து மிதக்கும் மஞ்சள் பைகளை எண்ணினோம். அக்கா ஒவ்வொரு நீச்சலுக்கும் மதிப்பெண் போட்டார். ஒருவருக்கும் பத்துக்கு ஐந்தைத் தாண்டவில்லை.

இரவு நான் பெட்டி கட்டும்போது அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். தன் பெயரைச் சொன்னார், பட்டியலில் இருப்பதைச் சொன்னார். நாளை விருந்தாளி கிளம்பிவிடுவார், திங்கட்கிழமையிலிருந்து தனியாகத்தான் இருப்பேன், வெயில் ஏறினால் கூப்பிடுங்கள் என்றார். வைத்துவிட்டு, 'விருந்தாளிங்கிறதுக்குச் சரியான உச்சரிப்பு அதுதான், கேட்டியா?' என்று என்னைக் கேட்டார்.